பொனேரில் பத்து நாள்

வாயால் பிழைக்கிறவளுக்கு வாய் வலிக்கும் என்று ஒருவரும் நினைப்பதில்லை. மூட்டை தூக்குகிறவனைக் கண்டால் முதுகு நோகிறதா என்று கேட்க நாலு பேர் இருப்பார்கள். நாள் முழுக்கக் கதைத்துவிட்டு வருகிற நிசாந்தினியிடம் இருபத்திரண்டு வருடத்தில் ஒரு சீவன் அப்படிக் கேட்டதில்லை. கதைக்கிறதும் ஒரு வேலையா என்பதுதான் சனத்தின் எண்ணம். ஒரு நாள் அந்தக் கதிரையில் இருந்து பார்க்கட்டும், தெரியும்.

அவளுடைய வேலை மொழிபெயர்ப்பு. ஒக்லாந்தில் தமிழ் மட்டும் தெரிந்த ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கோர்ட்டுக்குப் போனாலும் வாடகை வீட்டுத் தகராறில் மாட்டினாலும், நடுவில் இருந்து அந்தப் பக்கத்து இங்கிலிசைத் தமிழாகவும் இந்தப் பக்கத்துத் தமிழை இங்கிலிசாகவும் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்குச் சட்டதிட்டம் உண்டு. வந்ததில் ஒரு சொல்லைக் குறைக்கக் கூடாது. தன் பங்குக்கு ஒரு சொல்லைக் கூட்டக் கூடாது. அறைக்குள் கேட்டதை வெளியே விடக் கூடாது. ஆகவே ஒரு நாளில் அவள் வாயிலிருந்து பத்தாயிரம் சொல் வந்தால், அதில் அவளுடைய சொந்தச் சொல் "குட் மோர்னிங்"கும் "பார்க்கிங் எங்க இருக்கு?"வும்தான்.

சரி, லின்ஃபீல்டில் இருக்கிற வீட்டுக்கு வந்தாலாவது ஓயுமா? அதுதான் இல்லை. கோயிலில் பக்கத்தில் இருக்கிற அம்மா கைப்பைக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்து, "பிள்ளை, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லும்" என்பார். வாசித்துச் சொன்னால், "அப்ப நீரே அவங்களுக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லிவிடும்" என்பார். கணவர் தியாகலிங்கம் பஸ் ஓட்டுகிறவர். எட்டு மணித்தியாலம் ஒருவரோடும் கதைக்காமல் ஓட்டிவிட்டு, அந்த எட்டு மணித்தியாலக் கதையையும் வீட்டில் வந்து கொட்டுவார். நல்ல மனுசன், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நல்ல மனுசருக்கும் பதில் சொல்லத்தானே வேண்டும்!

மகள் ராகவி வெலிங்டனில் வேலை பார்க்கிறாள். தாயின் நாற்பத்தெட்டாவது பிறந்தநாளுக்கு ஒரு வவுச்சர் அனுப்பியிருந்தாள். நீச்சல் குளத்தில் ஒரு மணித்தியாலம் ஸ்கூபா பழகிப் பார்க்கலாமாம். ஒரு சீலை வாங்கித் தந்திருக்கலாம், இந்தப் பிள்ளைக்கு என்ன மூளை என்று நினைத்து நிசாந்தினி அதை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டாள். பிறகு காலாவதியாக மூன்று நாள்தான் இருக்கிறது என்று கண்டு, வீணாக்கக் கூடாதென்று போனாள். எங்களுடைய ஆட்கள் எத்தனை நல்ல காரியத்தை இந்தக் காரணத்துக்காகச் செய்திருக்கிறார்கள் என்று கணக்கெடுத்தால் பெரிய புத்தகமே வரும்.

முதுகில் காற்றுத் தொட்டியை ஏற்றினார்கள். வாயில் ஒரு ரப்பர் குழாயைக் கடிக்கச் சொன்னார்கள். கீழே போனால் கதைக்க முடியாது, விரலால் காட்ட வேண்டியதுதான் என்றான் பழக்குகிறவன். நிசாந்தினி குளத்தின் அடியில் போய் முழங்காலில் இருந்தாள். தன்னுடைய மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. ஒருவரும் அவளிடம் "சொல்லுங்கோ" என்று கேட்கவில்லை. கேட்கவும் ஏலாது, எல்லாருடைய வாயிலும் ரப்பர். ஒரு நிமிடம் போனது, இரண்டு நிமிடம் போனது. முகமூடிக்குள் கண்ணீர் வந்து மூக்கடியில் தேங்கியது. சந்தோசத்தில்தான். மேலே வந்து தலையைத் துடைக்க முதலே அடுத்த வகுப்பு எப்போது என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு வருடம். ஒக்லாந்துக்கு வடக்கே லீ என்ற ஊரின் கடலில், பதினைந்து பாகைக் குளிரில், தடித்த ரப்பர் உடுப்புக்குள் உடம்பைத் திணித்துக்கொண்டு, பல்லுக் கிடுகிடுக்க இறங்கிச் சான்றிதழ் எடுத்தாள். பதினெட்டு மீற்றர் ஆழம் மட்டும் போகலாம். குளிரைத் தாங்கிக்கொண்டாள். ஆனால் அரை மணித்தியாலத்துக்கு மேல் உடம்பு கேட்கவில்லை. வெதுவெதுப்பான கடல் ஒன்று வேண்டும், அதில் ஒரு நாளைக்கு மூன்று தரம் இறங்க வேண்டும் என்ற ஆசை அங்கேதான் பிடித்தது.

பக்கத்து வீட்டுச் சிந்து கோயம்புத்தூர்க்காரி, கெட்டிக்காரி, எதையும் நேரே கேட்பாள். நிசாந்தினி கடைசியில் கரீபியன் கடலைத் தெரிந்தெடுத்ததை அறிந்ததும் கேட்டாள். "அக்கா, ஃபிஜி மூணு மணி நேரம்தான். சாமோவா இருக்கு. இதையெல்லாம் விட்டுட்டு யாராவது கரீபியன் போவாங்களா?"

"ஃபிஜியில தமிழ் ஆக்கள் இருக்கினம், சிந்து."

"அதுல என்னக்கா பிரச்சனை?"

"எயார்போட்டிலயே ஆரும் ஒருத்தர் ஒரு ஃபோமைக் கொண்டு வருவினம். நிரப்பித் தாங்கோ எண்டு."

சிந்து விழுந்து விழுந்து சிரித்தாள். நிசாந்தினி சிரிக்கவில்லை, உண்மையைத்தான் சொன்னாள்.

உலகப் படத்தைக் கணினியில் விரித்துவைத்துத் தமிழர் இல்லாத சூடான கடல் தேடுவது லேசான வேலையா? இரண்டு மாதம் தேடியிருந்தாள். கடைசியில் பொனேர் என்ற தீவு அகப்பட்டது. வெனிசுவேலாவுக்கு மேலே, கரீபியன் கடலில் ஒரு துண்டு. படகு வேண்டாம், கரையிலிருந்தே நடந்து இறங்கலாம். எங்கே இறங்கலாம் என்று தெருவோரத்தில் மஞ்சள் பூசிய கல் வைத்திருப்பார்களாம். நிசாந்தினி முகநூலிலும் தேடிப் பார்த்தாள். பொனேர் தமிழ்ச் சங்கம் என்று ஒன்று இல்லை. அதற்குப் பிறகுதான் நம்பிக்கை வந்தது.

தனியாக இறங்கக் கூடாது, சோடிக்கு ஒருவர் வேண்டும் என்பது அந்த விளையாட்டின் விதி. தியாகலிங்கத்துக்குத் தண்ணீர் என்றால் முழங்கால் மட்டும்தான். ஆகவே அங்குள்ள ஸ்கூபா நிலையமே ஒரு சோடி தருவதாகச் சொல்லி ஒரு படிவம் அனுப்பியது. "உங்களுக்குத் தெரிந்த மொழிகள்" என்று ஒரு கேள்வி. மொழியால் சோறு தின்கிறவள், அந்த இடத்தில் "ஒன்றும் இல்லை" என்று எழுதினாள். நிலையத்துக்காரி குழம்பிப் போய், இங்கிலிசில்தானே எழுதியிருக்கிறீர்கள் என்று பதில் போட்டாள். "பரவாயில்லை, கதை குறைந்த ஒருவரைத் தாருங்கள்" என்று இவள் திரும்ப எழுதினாள்.

தியாகலிங்கம் முதலில் வழமைபோலத்தான் தொடங்கினார். "ஆழம் தெரியாமக் காலை விடக் கூடாது, நிசா."

"ஆழம் தெரியும். பதினெட்டு மீற்றர்."

அதோடு அவர் இறங்கிவந்தார். தானும் வந்து கரையில் ஒரு கதிரை போட்டு இருப்பதாக ஒத்துக்கொண்டார். நிசாந்தினி வெள்ளைத்தாளில் தன் கையாலேயே திட்டம் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். ஜூன் ஆறு புறப்பாடு. ஹூஸ்டனில் விமானம் மாறி ஏழாம் திகதி பொனேர். எட்டிலிருந்து பதினாறு மட்டும் கடல். கடைசி நாள் கடல் இல்லை, ஏனென்றால் ஆழத்தில் இருந்தவர் ஒரு நாளாவது ஆறிவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும். மூன்று வருடமாகச் சேர்த்த லீவை மொத்தமாகக் கேட்டு வாங்கினாள். ஒவ்வொரு நாளும் பாலெடுக்க ஃபிரிட்ஜைத் திறக்கும்போது அந்தத் தாளை ஒரு தரம் வாசிப்பாள். அந்த நேரம் அவளுடைய தோள் இரண்டும் கொஞ்சம் இறங்கும்.

இந்த இடத்தில் தியாகலிங்கம் ஒரு வேலை பார்த்தார். கெட்ட எண்ணத்தில் இல்லை. பெருமையில்தான். அந்தத் தாளைப் படம் பிடித்துத் தன் சொந்தக்காரரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "எங்கட வீட்டுக்காரி கடலுக்கடியில நீந்தப் போறா" என்று எழுதி மூன்று மீன் படமும் வைத்தார். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொள்வது என்றால் இதுதான். லண்டனிலிருந்து கைதட்டல் வந்தது. பாரிசிலிருந்து கைதட்டல் வந்தது. ரொறன்ரோவிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. ஒன்றும் வராதபோதே அவர் பயந்திருக்க வேண்டும்.

மறுநாள் வந்தது, தொலைபேசி அழைப்பாக. தியாகலிங்கத்தின் ஒரே தங்கை ரதிதேவி ரொறன்ரோவில் இருக்கிறாள். குரலில் சந்தோசம் நுரைத்துக்கொண்டிருந்தது. "அண்ணா, அண்ணி! அந்தத் தீவில இருந்து எங்களுக்கு அஞ்சு மணித்தியாலம்தான். வீட்டு வாசலுக்கே வாறியள். நான் உடனயே ஹோல் புக் பண்ணிப் போட்டன். ஜூன் பதினாலு, சனிக்கிழமை. லோஜனாவின்ர சாமத்தியவீடு. நீங்கள் வாற நேரம் பாத்துத்தான் இவ்வளவு நாளும் காத்துக்கொண்டிருந்தனான்."

லோஜனா ரதிதேவியின் ஒரே மகள். பதின்மூன்று வயது. பெரிய பிள்ளையாகி எட்டு மாதம் ஆகிவிட்டது, சடங்கு மட்டும் செய்யவில்லை. தாய்மாமன் தேங்காய் உடைக்க வேண்டும். மாமி பாலும் அறுகும் வைத்துத் தலைக்குத் தண்ணீர் வார்க்க வேண்டும். தகப்பன் பக்கத்தில் அக்கா தங்கை யாரும் இல்லாததால், இந்த உலகத்தில் லோஜனாவுக்கு இருக்கிற ஒரே மாமி லின்ஃபீல்டில் இருக்கிற நிசாந்தினிதான். இதற்கு எப்படி ஏலாது என்று சொல்வது? தியாகலிங்கம் கண் கலங்கி, "வாறம் பிள்ளை, வராம எங்க போறது" என்று சொல்லிவிட்டார். அருகில் நின்ற மனைவியைப் பார்த்து ஒரு தரம் கேட்கவுமில்லை.

அதற்குப் பிறகு நடந்தது கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. பதினாலாம் திகதி ரொறன்ரோவில் நிற்க வேண்டுமென்றால் பதின்மூன்றாம் திகதி பறக்க வேண்டும், பன்னிரண்டாம் திகதி கடலில் இறங்கக் கூடாது. சரி, நாலு நாள் மிஞ்சும் என்று நிசாந்தினி தாளில் வெட்டினாள். அடுத்த கிழமை ரதிதேவி, மாமன் வீட்டார் சடங்குக்கு முதல் நாள் வந்து இறங்கினால் சனம் என்ன சொல்லும், மூன்று நாளாவது முதல் வந்தால்தானே பலகாரம் சுட்டு எடுக்கலாம் என்றாள். தாளில் இன்னொரு வெட்டு விழுந்தது. சடங்கு முடிந்த கையோடு மொன்றியலில் சித்தப்பா வீடு. அவருக்கு எண்பது வயது, அந்தளவு தூரம் வந்து பார்க்காமல் போனால் பிறகு பார்க்கக் கிடைக்குமோ என்னவோ. கடைசியில் தியாகலிங்கமே ஒரு யோசனை சொன்னார். முதலில் ரொறன்ரோவுக்குப் போய் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, திரும்பி வரும்போது பொனேரில் இரண்டு நாள் நிற்கலாம்.

"ரெண்டு நாளிலயும் ரெண்டாவது நாள் இறங்கேலாது," என்றாள் நிசாந்தினி.

"அப்ப ஒரு நாள் நல்லா இறங்குமன்."

சூட்கேசும் அதே வழியில் போனது. அவள் ஆசையாக வாங்கிய சுவாசக் குழாயும் காற்றுச் சட்டையும் காலில் மாட்டும் துடுப்புகளும் எட்டுக் கிலோ. ரொறன்ரோவுக்கு மனுக்கா தேன் பன்னிரண்டு போத்தல், ஆட்டு ரோமக் கொழுப்பில் செய்த முகக் கிறீம் இருபது, ஒடாஹுஹுவில் போய் எடுத்த கூறைச்சேலை மாதிரிப் பட்டு ஒன்று, ரதிதேவிக்கு நியூசிலாந்துப் பால்மா வேறு. ஒரு சனிக்கிழமை தியாகலிங்கம் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்துவிட்டு, துடுப்பு இரண்டையும் எடுத்து வெளியே வைத்தார். அங்கே வாடகைக்குத் தருவார்களாம். நிசாந்தினிக்குக் கோபப்படக்கூட உடம்பில் பலமில்லை. அன்று காலையில்தான் ரானுயியில் ஒரு குடும்பத்துக்கும் சமூக சேவைப் பெண்ணுக்கும் நடுவில் மூன்று மணித்தியாலம் இருந்து இரண்டு பக்கத்து ஏச்சையும் ஒரு சொல் குறையாமல் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

மார்ச் மாதம், ஒரு ஞாயிறு மத்தியானம் அவளுடைய தொலைபேசிக்கு ஒரு வீடியோ அழைப்பு வந்தது. லோஜனா. எப்போதும் தாய்க்குப் பக்கத்தில் நின்று "ஹாய் மாமி" என்று கையசைத்துவிட்டு ஓடுகிற பிள்ளை, அன்று தனியாக எடுத்தாள். பின்னால் குளியலறை ஓடு தெரிந்தது, கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தாள். இங்கிலிசில், மூச்சு விடாமல் சொன்னாள். நிசாந்தினியின் தலைக்குள் அது தானாகவே தமிழாகிக்கொண்டிருந்தது, பழக்கதோசம்.

மாமி, தயவுசெய்து நீங்கள் வரவேண்டாம். கோபிக்காதீர்கள், எனக்கு உங்களைப் பிடிக்கும். ஆனால் முந்நூற்றைம்பது பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். என் வகுப்புப் பெடியன்கள் இரண்டு பேரின் குடும்பமும் வருகிறது. என்னைப் பல்லக்கில் தூக்கிக்கொண்டு வரப் போகிறார்களாம். போன வருசம் எனக்கு நடந்த ஒன்றுக்கு இப்போது பல்லக்கு எதற்கு? அம்மாவிடம் இரண்டு தரம் சொல்லிவிட்டேன். மாமாவும் மாமியும் கடல் கடந்து வருகிறார்கள், இனி எப்படி நிற்பாட்டுவது என்று அழுகிறார். மாமி இல்லாவிட்டால் செய்ய ஏலாதாம். நான் இணையத்தில் தேடிப் பார்த்தேன்.

"அம்மாட்ட நான் சொல்லட்டோ?" என்று நிசாந்தினி தமிழில் கேட்டாள்.

"நோ! ப்ளீஸ், நோ. நான் கோல் பண்ணினதைச் சொல்லாதீங்கோ." அந்த ஒரு வசனத்தை மட்டும் பிள்ளை கஷ்டப்பட்டுத் தமிழில் சொன்னாள்.

"சொல்லமாட்டன்," என்றாள் நிசாந்தினி. அறைக்குள் கேட்டதை வெளியே விடாத தொழில்தானே. பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை வைத்தாள்.

அன்று பின்னேரமே நிசாந்தினி கணவரிடம் சொன்னாள். "இஞ்சருங்கோ, நாங்கள் பொனேருக்கு மட்டும் போவம். ரொறன்ரோவுக்கு வேண்டாம்."

தியாகலிங்கம் குடித்த தேத்தண்ணி புரையேறியது. "என்ன கதை கதைக்கிறீர்? அவ்வளவு தூரம் போய்த் தங்கச்சியின்ர வாசலை மிதிக்காம வாறதோ? தண்ணிக்குள்ள போக நேரம் இருக்கு, தலைக்குத் தண்ணி வாக்க நேரம் இல்லையோ எண்டு கேப்பாள். நான் என்ன முகத்தோட மறுமொழி சொல்லுறது?"

"ஏலாது எண்டு சொல்லுறது."

"ஏலாது எண்டு சொல்லேலாது." தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு குரலை இறக்கி, அவளுக்கு நல்லது செய்கிற பாவனையில் சொன்னார். "ஒண்டு செய்வம். உமக்கு லீவு தரேல்லையெண்டு சொல்லி முழுப் பயணத்தையும் நிப்பாட்டுவம். அதில ஒருத்தருக்கும் கோவம் வராது. பொனேருக்கு அடுத்த வருசம் பாப்பம்."

அடுத்த வருசம்! அந்த வீட்டில் அடுத்த வருசத்துக்கு ஒத்திவைத்த காரியங்களை அடுக்கினால் கராஜ் நிரம்பும். அடுத்த வருசம் இன்னொரு தங்கை முறைக்காரியின் கலியாணம் வரும், ஒரு செத்தவீட்டு அந்தியேட்டி வரும், பாரிசில் யாராவது வீடு குடிபுகுவார்கள். நிசாந்தினிக்கு இது நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்த வழியில் போனால் பிள்ளையும் தப்புவாள், ரதிதேவிக்கும் மனம் நோகாது, அவரும் நிம்மதியாக இருப்பார். போவது அவளுடைய பத்து நாள் மட்டும்தான். வாதாடுவதற்கு வாய் வேண்டும், அந்த வாய் அன்று ஓய்ந்து கிடந்தது.

"உங்கட விருப்பம்," என்றாள். ஃபிரிட்ஜ் கதவிலிருந்த தாளைக் கழற்றி லாச்சிக்குள் போட்டாள். அடுத்த ஞாயிறு தங்கைக்கு எடுத்துச் சொல்வதாகத் தியாகலிங்கம் சொன்னார்.

வியாழக்கிழமை ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. சற்குணம் என்று அறுபத்தேழு வயது மனுசன், இரண்டு சிறுநீரகமும் கெட்டுப் போயிருந்தது. இனிக் கிழமைக்கு மூன்று நாள் மெசினில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லப் போகிறார். உள்ளே போக முதல் மகன்காரன் நிசாந்தினியை ஒரு மூலைக்குக் கூட்டிப் போனான். "அக்கா, அப்பா தாங்கமாட்டார். மருந்து மாத்தினம் எண்டு மட்டும் சொல்லிவிடுங்கோ."

"தம்பி, டொக்டர் சொல்லுறதை நான் அப்பிடியே சொல்லத்தான் வேணும்."

அப்படியே சொன்னாள். மூன்று நாள், நாலு மணித்தியாலம், வாழ்நாள் முழுக்க. ஒரு சொல் குறைக்கவில்லை. மகன் முகத்தை மூடிக்கொண்டான். சற்குணம் மட்டும் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். "ஆறு மாசமா எல்லாரிட்டயும் கேக்கிறன், பிள்ளை. ஒருத்தரும் மறுமொழி சொல்லேல்லை. நான் செத்துப்போகப் போறனாக்கும் எண்டு நினைச்சுக்கொண்டு கிடந்தன். மெசின்தானே? சரி." பிறகு வைத்தியரைப் பார்த்து, வெள்ளிக்கிழமையே தொடங்கலாமா என்று கேட்கச் சொன்னார்.

வேலை முடிந்து நிசாந்தினி காருக்குள் வந்து இருந்தாள். கண்ணாடியில் மழை. சாவியைப் போட்டும் காரை எடுக்கவில்லை. முன்பின் தெரியாத மனுசனுக்கு வாழ்நாள் முழுக்க என்று முகத்துக்கு நேரே சொல்ல முடிகிறது. பெற்ற மகன் மறைக்கச் சொல்லியும் மறைக்காமல் சொல்ல முடிகிறது. தன்னுடைய காரியத்துக்கு மட்டும் வாயில் வந்தது "உங்கட விருப்பம்". அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. நல்ல ஆத்திரம். ஸ்டியரிங்கில் கையால் ஒரு அடி அடித்தாள், ஹோர்ன் அலறியது, தெருவால் போன ஒரு நேர்ஸ் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஞாயிறு காலை பத்து மணி. ரொறன்ரோவில் சனி பின்னேரம் ஐந்து. தியாகலிங்கம் சோபாவின் நுனியில் இருந்து தொண்டையைச் செருமிக்கொண்டு தங்கைக்கு வீடியோ அழைப்பு எடுத்தார். ரதிதேவி காருக்குள் இருந்தாள். பாண் சுடுகிற ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை, தலையில் வலைத் தொப்பியைக்கூட இன்னும் கழற்றவில்லை. வெளியே பனி தூவிக்கொண்டிருந்தது.

"சொல்லுங்கோ அண்ணா. ஆறு மணிக்கு மற்ற வேலை, அதுக்குள்ள பத்து நிமிசம் இருக்கு."

"பிள்ளை, ஒரு விசயம். அண்ணிக்கு லீவு..." என்று அவர் தொடங்கினார்.

"போனைத் தாங்கோ, நான் கதைக்கிறன்," என்று நிசாந்தினி கையை நீட்டினாள். மனுசன் கொடுத்துவிட்டார். அந்தக் குரலை அவர் முன்பு கேட்டதில்லை.

"ரதி, நாங்கள் ரொறன்ரோவுக்கு வரேல்லை."

"என்னண்ணி சொல்லுறியள்? லீவு தரமாட்டினமாமோ? நான் ஹோல்காரனிட்ட வேற நாள் கேக்கட்டோ?"

"லீவு இருக்கு. பத்து நாளும் பொனேரில நிக்கப் போறன். சாமத்தியவீட்டுக்கு வரமாட்டன். அந்த நாளுக்கும் வரமாட்டன், வேற நாளுக்கும் வரமாட்டன்."

தியாகலிங்கம் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். ரதிதேவிக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. விளங்கியதும் கொட்டித் தீர்த்தாள். என்ர பிள்ளைக்கு ஆர் இருக்கினம் உங்களை விட்டால்? அண்ணா கலியாணம் முடிச்சு வந்த நாள் தொட்டு நான் உங்களை வேற ஆளா நினைச்சிருப்பனோ? முந்நூற்றைம்பது பேருக்கு அழைப்புக் காட் அடிச்சாச்சு. மீன் பாக்கிறது பெரிசாப் போச்சு, மருமகள் சின்னதாப் போனாள், அப்பிடித்தானே? நிசாந்தினி இடையில் புகவில்லை. ஏச்சு வாங்குவது அவளுக்குப் புதிசா? ஆனால் இத்தனை வருடமும் வாங்கியது மற்றவர்களுக்கு வந்த ஏச்சு. இது அவளுக்கே வந்தது. வலித்தது.

"லோஜனா ஏதும் உங்களிட்டச் சொன்னவளோ?" ரதிதேவி திடீரென்று கேட்டாள்.

"பிள்ளையை ஏன் இழுக்கிறீர்? வரமாட்டன் எண்டு சொல்லுறது நான். கோவத்தை என்னோட வைச்சுக்கொள்ளும்."

ரதிதேவி மூக்கை உறிஞ்சினாள். கோபம் போய்க் கெஞ்சல் வந்தது. "சரி அண்ணி, வராட்டி விடுங்கோ. சனத்துக்குச் சொல்ல ஒரு காரணமாவது தாங்கோவன். மாமி இல்லையெண்டால் செய்யேலாது, நிப்பாட்டத்தான் வேணும். ஏன் நிப்பாட்டினது எண்டு கேட்டால் நான் என்ன சொல்ல? ஒப்பரேசன் எண்டு சொல்லட்டோ? விசா பிரச்சினை எண்டு சொல்லட்டோ? அண்ணாவுக்கு நெஞ்சு நோ எண்டு சொல்லட்டோ?"

தியாகலிங்கம் அவசரமாகத் தலையாட்டினார். நெஞ்சு நோவுக்கு அவருக்கு முழுச் சம்மதம்.

"ஒண்டும் வேண்டாம்," என்றாள் நிசாந்தினி. "அண்ணி களைச்சுப் போனா எண்டு சொல்லும்."

"களைச்சு?"

"ஓம். இருபத்திரண்டு வருசமாக் கதைச்சுக் களைச்சுப் போனன், ரதி. ஒருத்தரோடயும் கதைக்காம எங்கயாவது கொஞ்ச நாள் இருக்கோணும். இல்லாட்டி எனக்கு என்னவோ ஆகிடும்போல கிடக்கு. அவ்வளவுதான் காரணம். வேற ஒண்டும் இல்லை."

மறுபக்கத்தில் காரின் ஹீற்றர் இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று தியாகலிங்கம் எட்டிப் பார்த்தார். அறவில்லை. ரதிதேவி வலைத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்தாள்.

"அப்பிடிச் சொல்லலாமோ, அண்ணி?" என்றாள். குரல் சின்னதாகப் போயிருந்தது.

"சொல்லலாம்."

"சனம் ஒண்டும் சொல்லாதோ?"

"சொல்லும். சொல்லட்டும்."

ரதிதேவி காரின் மணிக்கூட்டைப் பார்த்தாள். அடுத்த வேலைக்குப் போக நேரமாகிவிட்டது. காரை எடுக்காமல் அப்படியே நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்தாள்.

"அப்ப நானும் களைச்சுப் போனன் எண்டு சொல்லட்டோ?" என்று கேட்டாள்.